புளி மடித்துக் கொடுத்த அத்தியாயம்

ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்திலிருக்கும் புத்தூரில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் எங்கள் மளிகைக் கடை. என் நைனா, அதாவது அப்பா காலத்தில் பொட்டலம் மடிப்பதற்குப் பழைய வாரப் பத்திரிகைகள் சென்னையிலிருந்து கட்டுக்கட்டாக வரும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்த எனக்கு அந்தக் கட்டுகள்தான் நூலகம். அதில் ஒரு தொடர்கதை வந்தது. வாரம் வாரமாகத் தேடி எடுத்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வாரம் மட்டும் கிடைக்கவில்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நைனா அந்தப் பக்கங்களைக் கிழித்து யாருக்கோ புளி மடித்துக் கொடுத்துவிட்டார். நான் கத்தினேன். "புளி வாங்கினவன் ஒண்ணும் சொல்லல. நீ இன்னாடா?" என்றார் நைனா.

கதை இதுதான். மலையடிவாரத்தில் எங்கள் ஊர் மாதிரி ஒரு ஊர். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. தினமும் அவள் போகும் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன். இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அம்மா பிழைத்தால் தன் தலைமுடி முழுவதையும் தருவதாகத் திருமலைப் பெருமாளிடம் அந்தப் பெண் வேண்டிக்கொள்கிறாள். அம்மா பிழைத்துவிடுகிறாள். பெண் மலைப்படி ஏறத் தொடங்குவதோடு ஒரு வாரம் முடியும். அடுத்த வாரம் புளியோடு போய்விட்டது. அதற்கடுத்த வாரத்தில் அவள் மொட்டைத் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். எல்லாரும் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தப் பையன் மட்டும் நேற்றுப் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்து, "இன்னிக்கி பஸ் லேட்டு" என்கிறான். அவள் "ஆமா" என்கிறாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. பிறகு அவள் ஒரு ஊருக்கும் அவன் ஒரு ஊருக்கும் படிக்கப் போகிறார்கள். கதை முடிந்துவிடுகிறது.

கதை முழுவதும் பெண்ணின் மனசுக்குள்ளேயே நடக்கும். பையனைப் பற்றி நினைப்பதைவிட அம்மாவின் மாத்திரையைப் பற்றி அவள் அதிகம் நினைப்பாள். அந்த வயதில் எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஏன் என்று சொல்லத் தெரியாது. புரட்டாசி சனிக்கிழமை நாமம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கோவிந்தா சொல்லிப் போகும்போது அந்தப் பெண் எந்த வாசலிலாவது நிற்பாள் என்று தேடியிருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரே பெண். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் அவள் படித்தது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழில் ஒரு எழுத்துக்கூட வாசிக்க வராது. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதுதான் நிலைமை. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று.

பத்தாவது படிக்கும்போது அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று டாக்டர் சொன்ன அன்று, என் மனைவி வராந்தா ஜன்னலில் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "கொயந்த பொழச்சா அவ தலமுடி பூரா உனக்கு சாமி" என்று சத்தமாகவே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பெருமாள் கேட்டுக்கொண்டார். பெண் பிழைத்தாள்.

வேண்டுதலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். பெண்ணுக்கு முடி இடுப்புக்குக் கீழே வளர்ந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்குத் திருப்பதியில் ஜூனியர் காலேஜில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். விவசாயப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் அந்தக் காலேஜிலேயே இருந்தது. ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இப்பல்லாம் பொம்பளைங்க மூணு கத்திரி குடுத்துட்டு வந்துடறாங்க. நுனியில மூணே மூணு வெட்டு. அது போதாதா?"

"பூரான்னு சொல்லிட்டேன்டி. சாமிகிட்ட வந்து கத்திரிக்கா பேரமா பேசுவ?"

"சொன்னது நீ. முடி என்துதான?"

அப்போதுதான் பெட்டியிலிருந்து அந்தத் தைத்த கட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்திய பிறகு, பெண் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்க, நான் வாசித்துக் காட்டினேன். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாயா, வயசுப் பொண்ணுக்கு லவ் கத படிச்சிக் காட்ற மொத அப்பன் நீதான்யா. நெத்தியில நாமம் வேற."

"இது லவ் கத இல்ல. பக்திக் கத."

"ஆமா ஆமா. பஸ் ஸ்டாண்டு பக்தி."

விட்டுப்போன வாரம் வந்ததும் நிறுத்தி, இங்கே ஒரு அத்தியாயம் இல்லை என்றேன். "அதுலதான மொட்ட அடிக்கிறாங்க? முக்கியமானத புளிக்குக் குடுத்துட்டீங்க" என்றாள் பெண். பஸ் லேட்டு என்று அந்தப் பையன் சொல்லும் இடம் வந்ததும் அவள் கை கடலை உரிப்பதை நிறுத்தியது.

"இன்னொரு வாட்டி படி நைனா."

படித்தேன். கடலைத் தோலை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "சரிம்மா. ரெண்டாவது வருஷம் பரிச்ச முடியட்டும். குண்டே அடிச்சிக்கிறேன்." தெலுங்கில் குண்டு என்றால் முழு மொட்டை.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கதை அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அதை எழுதியவருக்கு அன்று மனசுக்குள் நமஸ்காரம் செய்தேன்.

அடுத்த வருஷம் அந்தக் கதை படமாக வந்தது. தமிழில் எடுத்துத் தெலுங்கில் பேச்சு மாற்றியிருந்தார்கள். இந்த நாவலைத் தழுவியது என்று முதலிலேயே எழுத்தில் போட்டார்கள். தியேட்டரில் அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. சித்தூரில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது மூவருமாக அந்தப் படத்துக்குப் போயிருந்தோம். எனக்கு ஒரே ஆவல்தான். புளியோடு போன அந்த வாரத்தை இன்றாவது பார்த்துவிடலாம். மலையில் மொட்டை அடிக்கும் கல்யாணகட்டாவில் அந்தப் பெண் உட்கார்ந்தபோது என்ன நினைத்தாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பையனாக வந்த நடிகருக்கு யூனிபார்முக்கு மேலே ஒரு வாரத்துத் தாடி இருந்தது. சரி, சினிமாவில் அப்படித்தான். பெண் முதல் பாட்டிலேயே அவன் பைக்கில் ஏறிவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அவளுடைய மனசு எங்கே போயிற்று என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். கதையில் அவள் நினைத்ததெல்லாம் படத்தில் அவன் பேச்சாக மாறியிருந்தது. அவன் பேசினான், அவன் நண்பன் பேசினான், பஸ் கண்டக்டர்கூடப் பேசினார். அவள் கூந்தல் மட்டும் காற்றில் பேசியது.

பிறகு அந்த இடம் வந்தது. கோபுரத்தைக் காட்டினார்கள். தியேட்டரே கோவிந்தா என்றது, நானும் சொன்னேன். பெண் மொட்டைக்கு உட்காருகிறாள். கத்தி நெருங்குகிறது. கதாநாயகன் படிகளில் ஓடி வருகிறான். அவளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் தான் உட்காருகிறான். "இவள் வேண்டுதல் என் வேண்டுதல்" என்கிறான். அவன் முடி மெதுவாக, மிக மெதுவாக விழுகிறது. அவள் நின்று அழுகிறாள், முடியோடு. விசில் காதைக் கிழித்தது. பக்கத்து சீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மனைவியும்தான். பாட்டு முடிவதற்குள் அவனுக்கு முடி வளர்ந்துவிட்டது.

பஸ் லேட்டு என்ற வசனம் படத்தில் இல்லவே இல்லை.

வெளியே வந்ததும் என் மனைவி, "கத நல்லாதான் எழுதிக்கீறாரு. எவ்ளோ ஆச பாரு அந்தப் பையனுக்கு" என்றாள்.

"அது அவரு எழுதினது இல்ல."

"போட்டான் பாத்தியே, அவரு கதன்னு."

சினிமா எடுப்பவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஒரு பையன் பேசாமல் நிற்பதைப் புத்தகத்தில் வாசிக்கலாம். திரையில் நின்றால் டிக்கெட் எடுத்தவன் கத்துவான். ஆனால் வேண்டிக்கொண்டவள் கையிலிருந்து அவள் வேண்டுதலை ஒருவன் பிடுங்கிக்கொள்கிறான், அதற்குக் காதல் என்று பெயர், அதற்குக் கைதட்டல். இது எனக்கு அன்றே கசந்தது. வெறும் படம்தானே என்று துப்பிவிட்டு வந்தேன்.

என் பெண் காலேஜில் தோழிகளோடு அந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். தனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, முழு மொட்டை என்று சொல்லியிருக்கிறாள். அது வகுப்பில் பரவியது.

அரையாண்டுத் தேர்வு நேரம். கடைக்குச் சர்க்கரை வாங்க வந்த ஒருவர் தன் போனைக் காட்டி, "அண்ணா, இது உங்க பொண்ணு பேருதான?" என்றார். வீடியோ. என் பெண்ணோடு படிக்கும் பையன், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் செங்கல் சூளைக்காரர் மகன். கல்யாணகட்டாவிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வருகிறான். பின்னால் அந்தப் படத்துப் பாட்டு. என் பெண் பெயரைச் சொல்லி, "உன் மொக்கு தீர்ந்தது" என்று கையைக் குவிக்கிறான். தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல். கீழே ஆயிரம் பேர் இதயப்படம் போட்டிருந்தார்கள். நிஜக் காதலன் என்று ஒருவர். படத்தை மிஞ்சிவிட்டான் என்று இன்னொருவர். அந்தப் பெண் கொடுத்து வைத்தவள் என்று ஒரு அம்மா.

சாயங்காலம் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பஸ் முழுக்க அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு வந்தார்களாம்.

மறுநாள் காலேஜில் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினார், தெலுங்கில். மற்றப் பெற்றோர்கள் போன் செய்கிறார்கள், பெண்ணை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வது உங்களுக்கே நல்லது, டிசி தருகிறேன் என்றார்.

"பையனுக்கும் டிசியா சார்?"

"அவன் நல்லா படிக்கறவங்க இருக்கற மொதல் பேட்ச் ஸ்டூடன்ட். ரேங்க் வரும்."

"வீடியோ போட்டது அவன்தான் சார்."

அவர் என் நெற்றி நாமத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க பக்தரு. நீங்களே சொல்லுங்க. சாமிக்கு மொட்டை போட்டான்னு ஒரு பையனை நான் எப்படி வெளிய அனுப்பறது?"

அன்று டிசியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையனும் அவன் அப்பா அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். லட்டுப் பிரசாதம் கொண்டு வந்திருந்தார்கள். பையன் தொப்பி போட்டிருந்தான். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்து இருந்தது.

"அங்கிள், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். உங்க மொக்கு தீந்துச்சி இல்ல?"

"சாமிக்கு யார் முடி யாருதுன்னு தெரியாதாப்பா?"

அவன் அப்பா சிரித்தார். "சின்னப் பசங்கண்ணா. சினிமா பாத்துட்டு செஞ்சிட்டான். பெருசு பண்ணாதீங்க. படிப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

"இன்னா பாத்துக்கலாம்?" என்றேன்.

அதற்கு என் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "மாமா, கோவிச்சிக்காத. ஊரே பாத்துடுச்சி. இனிமே வேற எவன் வந்து கேப்பான் நம்ம பொண்ண? அவங்களே பாத்துக்கலாம்னு சொல்லும்போது..." என்று இழுத்தார்.

உள்ளேயிருந்து என் பெண் வந்தாள். பெரியவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பையனிடம்தான் கேட்டாள்.

"என்னக் கேட்டியா?"

"இன்னாது?"

"மொட்ட போடறதுக்கு முன்னால, பேரு சொல்றதுக்கு முன்னால, என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

அவள் உள்ளே போய்விட்டாள். லட்டை என் மனைவி வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது?

பிறகு ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம். பெண் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வேறெங்கும் சேர்க்க வருஷ நடுவில் இடம் கிடைக்கவில்லை. பரீட்சையைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றார்கள், நுழைவுத் தேர்வுப் பயிற்சி போனது போனதுதான். அவள் அம்மாவோ பஸ் ஏற விடவே மாட்டேன் என்கிறாள். தலை நிமிராமல் பெண் சொன்னாள்:

"நைனா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"எப்ப அடிச்சேன்?"

"எனக்கு அவன் மேல கொஞ்சம் இருந்துச்சி."

தராசைக் கீழே வைத்தேன்.

"பஸ்ல நான் நின்னுகினு வருவேன் இல்ல, உக்காந்துகினு இருக்கறவங்க நம்ம பைய வாங்கி மடியில வச்சிக்குவாங்களே, அந்த மாதிரி அவன் தினமும் என் பைய வாங்கி வச்சிக்குவான். திருப்பதி வரைக்கும். ஒரு வார்த்த பேச மாட்டான். எறங்கும்போது குடுப்பான். நீ அந்தக் கத படிச்சப்ப எனக்கு அவன் நெனப்புதான் வந்துச்சி. நான் மொட்டையோட பஸ் ஏறினாலும் இவன் அதே மாதிரி பைய வாங்கிக்குவான்னு நெனச்சேன். அதான் சரின்னு சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப இன்னா? அவனும் அந்தப் படத்த பாத்துட்டான்."

அவள் அழவில்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள். ஒரு அப்பனுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அவனை நினைத்து வருத்தம்தான் வந்தது. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு பேசாமல் வந்த பிள்ளை அவன். தனக்குள்ளே இருந்தது போதாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் பார்க்கும்படி செய்தால்தான் அது காதல் என்று. அவன் ஊருக்குக் காட்டினான், ஊர் கைதட்டியது, விலை இவள் தலையில் விழுந்தது.

பரீட்சை எழுதி முடித்ததும் அவளே, "மலைக்குப் போலாம்" என்றாள். என் மனைவி, "அதான் எவனோ குடுத்துட்டானே, மூணு கத்திரியே போதும் வுடு. இருக்கற பேச்சு பத்தாதா?" என்றாள். சாமியிடம் பேரம் கூடாது என்று சொன்ன அதே வாய்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பயந்துபோயிருந்தாள்.

"நீ வேண்டிக்கினது என் முடிய. அவன் முடிய இல்ல" என்றாள் பெண்.

கல்யாணகட்டாவில் பெண்களுக்கு மொட்டை அடிக்கப் பெண்களே இருக்கிறார்கள். ஒரு அம்மா எங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு, "மூணு கத்திரியா, குண்டா?" என்று தெலுங்கில் கேட்டார். "குண்டு" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் சொன்ன பிறகு என் தலையாட்டலுக்கு என்ன வேலை என்று அப்புறம் தோன்றியது.

புளியோடு போன அத்தியாயத்தை அன்று என் கண்ணால் பார்த்தேன். அதில் காதல் எதுவும் இல்லை. மக்கில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றித் தேய்த்தார்கள். பின்னலை இரண்டாக முடிந்தார்கள். பிளேடு மாற்றினார்கள். முடி மெதுவாக விழவில்லை, ஈரத்தோடு கொத்தாக, வேகமாக விழுந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. யாரும் ஓடி வரவில்லை. என் பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், கோவிந்தா சொல்லியிருப்பாள். முடிந்ததும் எழுந்து தலையைத் தடவிப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்குது நைனா" என்றாள். என் மனைவிதான் அழுதாள்.

கூட்டத்தில் நின்று பெருமாளைப் பார்த்தோம். கண நேரம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வந்ததெல்லாம் கசப்பாக இருந்தது, அதை அவர் முன்னால் வைக்க மனம் வரவில்லை.

கீழே இறங்கித் திருப்பதி பஸ் நிலையத்தில் புத்தூர் பஸ்ஸுக்கு நின்றோம். மொட்டைத் தலை அந்த ஊரில் அதிசயம் இல்லை. ஆனால் காலேஜில் பயிற்சி வகுப்பு விடும் நேரம். அவளோடு படித்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் அந்தச் செங்கல் சூளைக்காரர் பையனும் இருந்தான். முடி நன்றாக வளர்ந்து சீவியிருந்தான். தோளில் நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் பை. என் பெண்ணின் தலையைப் பார்த்தான். ஒரு கணம் அவன் வாய் திறந்தது. சொல்லுடா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுடா என்று உள்ளே கெஞ்சினேன். அவன் அந்தக் கதையை எங்கே படித்தான்? அவன் பார்த்த படத்தில் அந்த வசனமே இல்லை. கூட வந்தவன் ஒருவன் அந்தப் பாட்டை விசிலில் எடுத்தான். இன்னொருவன் போனைத் தூக்கினான். பையன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

நான் போய் அந்தப் போனுக்கு முன்னால் நின்றேன், என் உடம்பால் அவளை மறைத்துக்கொண்டு. வேட்டியும் நாமமுமாக நிற்கும் என்னைத்தான் அவன் படம் பிடித்திருப்பான். பெண் கைக்குட்டை கட்டிக்கொள்ளவில்லை. பை அவள் தோளிலேயே இருந்தது.

அன்றைக்கு நிஜமாகவே பஸ் லேட். அதை எங்களிடம் சொல்ல ஒருவரும் இல்லை.